மலை ஜீப்புக்கு எவ்வளவு பெரிய டயர்? அளவை அரசே அறிவிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போடிநாயக்கனூரிலிருந்து எழுதுகிறேன். என் தகப்பனார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் ஜீப் ஓடுகிறது. போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களையும் உரமூட்டைகளையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. டயரைப் பற்றிச் சில விஷயங்களை உங்கள் நாளிதழ் வழியாகப் போக்குவரத்துத் துறைக்கும், என்னைப்போல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் வண்டி டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. நல்ல காரியம். தேய்ந்த டயரை இன்னும் ஒரு மழைக்கு ஓட்டலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் பலர் கடைக்கு வந்தார்கள். ஆனால் வந்தவர்களில் பாதிப்பேர் கேட்பது பழைய அளவை அல்ல. "இதைவிடப் பெரிதாக என்ன போடலாம்? குறைந்த செலவில் முடியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். கேள்வியில் தவறே இல்லை. அதற்குக் கடைகளிலும் பட்டறைகளிலும் கிடைக்கிற பதில்கள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன.

முதலில், பெரிய டயர் ஆசைக்காக மட்டும் கேட்கப்படுவதில்லை. தோட்டத்து உள்பாதைகளைப் பார்க்காதவர்கள் அப்படி நினைக்கலாம். தார்ச்சாலை முடிந்து கேட்டுக்குள் நுழைந்தால் கல்லும் சேறும்தான். மழைத் தண்ணீர் ஓடி ஓடிப் பாதையின் நடுவில் கல் துருத்தி நிற்கும், இரண்டு ஓரமும் பள்ளமாகியிருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் அந்தக் கல்லில் இடிக்கும். அது விரிசல் விட்டு ஆயில் ஒழுகினால், ஜீப் அங்கேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் பெண்கள் இருட்டில் நடந்துதான் சாலைக்கு வர வேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இதற்குப் பட்டறைகளில் மலிவாகச் சொல்லப்படும் தீர்வு, ஸ்பிரிங் பட்டையில் ஒன்றைக் கூட்டுவது, அல்லது ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டு வண்டியைத் தூக்குவது. தூக்கினால் உயர்வது வண்டியின் கூடுதான். ஆக்சில் முன்பு இருந்த உயரத்திலேயே இருக்கும், கல்லில் இடித்துக்கொண்டேதான் இருக்கும். அதற்கு மேல், ஆட்கள் உட்காரும் இடம் உயர்ந்துவிடுவதால் வளைவில் வண்டி சாய்வது கூடும். தரையிலிருந்து ஆக்சிலை உயர்த்துவது டயர் ஒன்றுதான். அதுவும் டயரின் உயரத்தில் கூடுவதில் பாதி அளவுக்குத்தான்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் கடையில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. பொலேரோ போன்ற வண்டிகளில் வருவது 215/75 ஆர் 15. அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், உள்ளே 15 அங்குல டிஸ்க், அதாவது டயர் உட்காரும் இரும்புச் சக்கரம். கூட்டினால் டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 704 மில்லிமீட்டர். ஒரு படி மேலே போய் 235/75 ஆர் 15 போட்டால் 734. கூடியது 30, ஆக்சில் உயர்வது 15 மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலம்தானே என்று தோன்றும். கல் பாதையில் இடிபடுகிற கல்லுக்கும் இடிபடாத கல்லுக்கும் பல இடங்களில் அவ்வளவுதான் வித்தியாசம். இளைஞர்கள் ஆசைப்படும் 31 அங்குல டயரோ 787 மில்லிமீட்டர். ஆக்சில் 42 மில்லிமீட்டர் உயரும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் முதலாவது மாற்றம் 4 சதவீதம், இரண்டாவது 12 சதவீதம். நான் எழுத வந்த விஷயம் இந்த 4-க்கும் 12-க்கும் நடுவில்தான் இருக்கிறது.

பெரிய டயரை மாட்டியவர்கள் எல்லாரும் முதலில் சோதிப்பது ஏற்றத்தை. "கொஞ்சம் இழுவை குறைவு, கியரைக் குறைத்தால் ஏறிவிடுகிறது" என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். சோதிக்க வேண்டியது இறக்கத்தை. போடிமெட்டிலிருந்து முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் ஆள் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், பிரேக் அதற்குத் துணையாக மட்டுமே இருக்க வேண்டும். டயரின் உயரம் 12 சதவீதம் கூடினால் எஞ்சின் பிடிப்பது பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பிரேக்கும் அப்படியே. மிதிக்கிற கால் அதே கால், டிரம்மும் லைனிங்கும் அதே அளவு, ஆனால் சக்கரத்தின் ஆரம் நீண்டுவிட்டது. அதே நிறுத்தத்துக்கு இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும், இன்னும் சூடாகும். மஹிந்திராவின் பழைய கமாண்டர், மேஜர் வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். கீழ் வளைவுகளுக்கு வரும்போது லைனிங் காய்ந்து மணக்க ஆரம்பித்தால், அதற்குப் பிறகு மிதித்துப் பயனில்லை. வேகமானியும் பொய் சொல்லும். முள் 40 காட்டும்போது வண்டி 45-இல் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு படி மட்டும் கூட்டினால் இவை எல்லாம் நல்ல நிலையில் உள்ள பிரேக் தாங்கும் எல்லைக்குள் நிற்கின்றன. டிஸ்க் மாற்ற வேண்டாம், மட்கார்டு வெட்ட வேண்டாம், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்களை மாற்ற வேண்டாம். குறைந்த செலவு என்று உண்மையில் சொல்லத்தக்கது இதுதான். 31 அங்குலத்துக்குப் போனால் டயர் விலை தொடக்கம் மட்டுமே. குறைந்தது 7 அங்குல அகல டிஸ்க் வேண்டும், வண்டியைத் தூக்க வேண்டும், முன்பக்கத் தகட்டை வெட்ட வேண்டும், வீல் பேரிங்கும் கிளட்ச் தட்டும் சீக்கிரம் போகும். அத்தனை செலவையும் செய்ய முடியாதவர் டயரை மட்டும் வாங்கிவிட்டு மற்றதற்கு மலிவு வழி தேடுகிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அந்த மலிவு வழிகளில் மூன்றைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஸ்பேசர். அகலமான டயர் உள்ளே ஸ்பிரிங் பட்டையில் உரசுகிறது என்று, சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் ஒரு வார்ப்புத் தட்டை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவது. வண்டியின் எடை முழுவதும் பேரிங்கிலிருந்து விலகிப்போய்த் தொங்குகிறது. ஸ்டட் போல்ட்டில் போதிய மரை பிடிக்காமல் நட்டு நிற்கிறது. சமவெளியில் நகரத்துக்குள் ஓடும் வண்டி சில காலம் தப்பிக்கலாம். ஆள் நிறைந்த ஜீப் கல்லில் ஏறி இறங்கும் பாதையில் இதை நான் எந்த விலைக்கும் ஏற்க மாட்டேன்.

இரண்டு, பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) வெட்டிய பழைய டயர். இதை எப்படிச் செய்கிறார்கள் என்று வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வழவழவென்று தேய்ந்த டயரைக் குறுக்காக நிறுத்தி, மின்சாரத்தில் சூடேறிய வளைந்த கத்தியைப் பழைய பள்ளத்தின் மேலேயே ஓட்டுவார்கள். ரப்பர் கருகும் நெடியோடு சுருள் சுருளாக வெளியே வரும். பள்ளம் புதிது போல ஆழமாகிவிடும். பிறகு கறுப்பு பாலிஷ் ஒரு பூச்சு. வெயிலில் வைத்தால் புது டயர் மாதிரியே மினுங்கும். ஆனால் அந்தப் பள்ளத்துக்குள் விரலை விட்டு, பாலிஷைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். சில இடங்களில் சாம்பல் நிறத்தில் நூல் தெரியும். அது டயரின் உள்கட்டு. கல் குத்த வேண்டியது அந்த இடத்தில்தான், காற்று வெளியேற நொடி போதும். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். கத்தியால் வெட்டி அந்த ஆழத்தைக் காட்டுவது சட்டத்தை ஏமாற்றுவது மட்டுமல்ல, ஏறி உட்காரும் ஆட்களையும் ஏமாற்றுவது.

பழைய டயர் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையில் பணம் இல்லாதவர் வாங்கத்தான் செய்வார். வாங்குபவர் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களைப் படிக்க வேண்டும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும், பக்கச்சுவரில் முடி போல வெடிப்பு ஓடிய டயர் மலைக்கு ஆகாது. அதே பக்கச்சுவரில் தாங்கும் எடைக்கான எண்ணும் இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ, 105 என்றால் 925 கிலோ. பெரிய டயர் என்று நினைத்து வாங்கியதில் இந்த எண் பழையதைவிடக் குறைவாக இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது எங்கள் ஊர்ப் பக்கத்துக்கே உரியது, அதுதான் எனக்கு மிகுந்த கவலை. பழைய கமாண்டர், மேஜர் ஜீப்புகளின் டயர் அளவு 6.00-16. டிராக்டரின் முன்சக்கரத்திலும் இதே 6.00-16 அளவில் டயர் இருக்கிறது. இப்போது டிராக்டர் டயருக்கு வரி 5 சதவீதம், ஜீப் டயருக்கு 18. ஒரே அளவு, ஒரே டிஸ்க்கில் உட்காருகிறது, கனமாகவும் இருக்கிறது. பிறகு ஏன் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றினால் அவர் மேல் எனக்குக் கோபம் வராது. அதை ஜீப்பில் மாட்டிக் கொடுக்கும் கடைக்காரர் மேல்தான் கோபம் வருகிறது. டிராக்டர் டயரின் பக்கச்சுவரில் ஏ6 அல்லது ஏ8 என்று அச்சிட்டிருக்கும். ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், ஏ8 என்றால் 40. அதற்கு மேல் ஓட அந்த டயர் செய்யப்படவில்லை. சுற்றிலும் நீளவாக்கில் ஓடும் மூன்று ரப்பர் மேடுகள், உழவு வயலில் முன்சக்கரம் திசை மாறாமல் போவதற்காக. மழையில் நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் அந்த மேடுகள் எதைப் பிடித்து நிற்கும்? போடியிலிருந்து முந்தல் வரையுள்ள சமதளத்தில் எந்த ஜீப்பும் 40-க்குள் போவதில்லை.

இனி, குறைந்த செலவில் முறையாகச் செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு சோதனை. ஒரு டயர் மட்டும் கடையிலிருந்து வாங்கி, அல்லது அதே அளவு மாட்டிய நண்பரின் ஸ்டெப்னியை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, முன்சக்கரத்தில் மாட்டுங்கள். டயரின் இரண்டு தோள்களிலும், உள்பக்கச் சுவரிலும் சாக்பீஸை அழுத்தித் தேய்த்து வெள்ளையாக்குங்கள். எதிர்ப்பக்கத்துப் பின்சக்கரத்தையும் இந்த முன்சக்கரத்தையும் பெரிய கல்லின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். ஸ்பிரிங் முழுதாக அமுங்க வேண்டும். இப்போது ஸ்டீரிங்கை ஒரு கோடிவரை திருப்புங்கள், பிறகு மறுகோடி. இறங்கிப் படுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மட்கார்டின் உள்பக்கத்திலோ, ஸ்பிரிங் பட்டையிலோ, பிரேக் ஹோஸிலோ வெள்ளைத் தடம் இருந்தால் அங்கே டயர் உரசுகிறது என்று பொருள். பட்டையில் லேசாக உரசினால் ஸ்டீரிங் ஸ்டாப் போல்ட்டை ஓரிரு சுற்று வெளியே எடுத்தால் போதும், வண்டி திரும்பும் வட்டம் சற்றுப் பெரிதாகும். கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேக் ஹோஸில் தடம் இருந்தால் அந்த அளவு டயரே வேண்டாம். சாக்பீஸ் சில ரூபாய், கல் பாதையோரத்தில் கிடக்கிறது. டயர் முழுவதையும் வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதை, வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

டயர் ஐந்தாக வாங்க வேண்டும், நான்காக அல்ல. ஃபோர் வீல் போடும், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் முன்னும் பின்னும் வெவ்வேறு உயரம் இருந்தால், பிடிமானமுள்ள பாதையில் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று இழுத்து, எஞ்சினின் விசையை இரண்டுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கும். கியர் வெளியே வராது, கடைசியில் பல் உடையும். பஞ்சரான அன்று பழைய அளவு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஃபோர் வீலில் மலை ஏறுவது இதே வினைதான். ஐந்துக்கும் பணம் சேரவில்லை என்றால் சேரும்வரை காத்திருப்பதே சிக்கனம். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அலாய் வீல், கூடுதல் விளக்கு, முன் கம்பி இவற்றில் பிடிக்கலாம். மிச்சமான பணத்தில் பிரேக் லைனிங்கைப் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

டயரே மாற்றாமல் கிடைக்கும் பலன் ஒன்றும் இருக்கிறது. சேற்றுப் பாதைக்குள் நுழையும் முன் காற்றைக் குறைத்துக்கொள்வது. 30 பவுண்டுக்கு மேல் காற்று வைத்திருக்கும் டயரில் 20 வரை இறக்கினால் அது தரையில் படியும் நீளம் கூடும், கல்லைத் தள்ளாமல் கல்லின் மேல் படிந்து ஏறும். பெரிய டயர் எதற்காக வேண்டும் என்று கேட்டவர்களில் பலருக்கு இதுவே போதும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று இயந்திரம் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்றிவிட வேண்டும், ஆள் நிறைந்திருந்தால் அவ்வளவு இறக்கவும் கூடாது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் தந்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, சட்டத்துக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. தகட்டை வெட்டி, ஸ்பேசர் வைத்து, ஆளுயரத்துக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வருபவர்களைப் பார்க்கும்போது அது இன்னும் கடுமையாக இருக்கலாம் என்றே தோன்றுகிறது.

ஆனால் ஒரு படி பெரிய டயரை, பழைய டிஸ்க்கிலேயே, எடைத் தகுதி குறையாமல் மாட்டியவருக்கும், பட்டன் வெட்டிய 31 அங்குலத்தை ஸ்பேசரில் மாட்டியவருக்கும் சட்டத்தின் முன் வித்தியாசம் இல்லை. ஒரு இடத்தில் ஆய்வாளர் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார், இன்னொரு இடத்தில் அபராதம் எழுதுகிறார். எது சரி என்று கேட்டால் பதில் சொல்ல எங்கும் ஒரு தாள் இல்லை. தயாரிக்கும் நிறுவனங்களே ஒரே வண்டிக்கு இரண்டு உயரத்தில் டயர் தருகின்றன. 2020-இல் வந்த மஹிந்திராவின் 'தார்' ஜீப்புக்கு ஒரு வகையில் 245/75 ஆர் 16, இன்னொரு வகையில் 255/65 ஆர் 18. முதலாவது 774 மில்லிமீட்டர், இரண்டாவது 789. அந்த வேறுபாட்டை ஏற்கலாம் என்று நிறுவனம் சோதித்து அறிந்திருக்கிறது. எங்கள் பழைய ஜீப்புகளுக்கு மட்டும் அப்படி ஒரு எல்லையைச் சோதித்துச் சொல்ல யாருமில்லையா?

போக்குவரத்துத் துறைக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். மலைப்பகுதிகளில் ஓடும் ஒவ்வொரு ரக ஜீப்புக்கும் எந்த டயர் வரை போகலாம், எந்த அகல டிஸ்க்கில், எந்த எடைத் தகுதியோடு என்று ஓர் அட்டவணையை அரசு வெளியிட வேண்டும். மத்திய அரசின் ஒப்புதல் தேவைப்பட்டால் மாநில அரசு அதைக் கேட்டுப் பெற வேண்டும். அந்த அளவுக்குள் மாற்றியவர் எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) காட்ட வரும்போது, பிரேக்கைச் சோதித்து, ஸ்டீரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்பிப் பார்த்து, பதிவுச் சான்றில் புதிய அளவை எழுதித் தரலாம். அதற்கு நியாயமான கட்டணம் வாங்கலாம், நாங்கள் கட்டுவோம். அந்த அட்டவணை தமிழில் அச்சாகி, டயர் கடைகளிலும் பட்டறைகளிலும் கண்ணில் படும்படி தொங்க வேண்டும். அதோடு, பட்டன் வெட்டி விற்கும் இடங்களையும், ஜீப்புக்கு டிராக்டர் டயர் மாட்டித் தரும் கடைகளையும் சோதனை செய்ய வேண்டும். சாலையில் வண்டியை நிறுத்தி ஓட்டுநரிடம் அபராதம் வாங்குவதைவிட இது பலமடங்கு பயன் தரும்.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. எந்த டயரும், எவ்வளவு பெரியதானாலும், ஏற்றக் கூடாத அளவுக்கு ஆள் ஏற்றிய ஜீப்பைக் காப்பாற்றாது. விடியும் முன்பே தூக்குச்சட்டியோடு நின்று ஏறும் பெண்களுக்கு, டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்க்க நேரமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அதைப் பார்க்க வேண்டியவர்கள் வண்டி வைத்திருக்கும் நாங்களும், எஃப்.சி. போடும் அதிகாரிகளும்தான். ஏலக்காய் எடுப்பு தொடங்கினால் மெட்டில் ஜீப்புகளின் வரிசை நீளும். அதற்கு முன் அந்த அட்டவணை வெளிவர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜீப் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.